வந்த கைக்குத் திரும்பாத பந்து

மார்ச் மாதம் ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. முதல் நாள் பெய்த மழையின் ஈரம் காலை எட்டு மணிக்குள் சிமெண்டுத் தரையிலிருந்து வற்றிவிட்டது. வானம் சலவைத் துணிபோல் வெளுத்திருந்தது. மேற்கிலிருந்து இலேசான காற்று வீசிக்கொண்டிருந்தது. இந்தக் காற்றைக் குறிப்பிடக் காரணம் உண்டு. பத்தரை மணிக்கு ஆட்டம் முடிந்து, மருந்து ஆலையின் பெண்கள் கூடைப்பந்து அணி நாற்பத்தெட்டுக்கு இருபத்தொன்பது என்ற கணக்கில் தோற்றபோது, அணியின் பொறுப்பாளர் முதலில் குற்றம் சாட்டியது அந்தக் காற்றைத்தான்.

"காத்து வேற இன்னிக்கு ஒரு மாதிரி அடிச்சுது" என்றார் அவர்.

"காத்து அவங்களுக்கும்தான் சார் அடிச்சுது" என்றாள் சீட்டு.

சீட்டு என்பது பெற்றோர் வைத்த பெயரன்று. மேசை வைத்த பெயர். ஆலையின் கடைசிக் கூடத்தில் நீண்ட எஃகு மேசை ஒன்று உண்டு. இருமல் மருந்து நிரப்பிய புட்டிகள் இயந்திரப் பட்டையில் வந்து அதன் இடக்கோடியில் இறங்கும். அங்கிருந்து வலக்கோடி வரையில் அவை கைவழியேதான் போகவேண்டும். முதலில் நிற்பவள் மூடியைத் திருகிப் பார்ப்பாள், அவள் மூடி. அடுத்தவள் லேபிள் கோணலின்றி ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பாள், அவள் லேபிள். மூன்றாமவள் மருந்து உண்ணும் முறையை அச்சிட்ட மெல்லிய சீட்டை நான்காக மடித்துப் புட்டியோடு சேர்த்துக் கொடுப்பாள். நான்காமவள் இரண்டையும் அட்டை டப்பாவில் நுழைப்பாள். ஐந்தாமவள் டப்பாக்களைப் பெரிய பெட்டியில் அடுக்குவாள். மூடி, லேபிள், சீட்டு, டப்பா, பெட்டி: ஆலையில் அவர்களை யாரும் வேறு பெயர் சொல்லி அழைத்ததில்லை. ஐவரில் மூத்தவளுக்கு வயது இருபத்து நான்கு, இளையவளுக்கு இருபது.

சீட்டுக்கு இருபத்து மூன்று. வலையில்லாத வளையத்தில் பந்து போட்டுப் பழகிய பள்ளிக்கூடத்திலிருந்து பத்தொன்பதாம் வயதில் நேரே இந்த மேசைக்கு வந்தவள். வேலைக்கு எடுத்த நாளில், "ஆட்டம் கீட்டம் எல்லாம் இனிமே கிடையாது, சரியா?" என்று கேட்ட அதிகாரியிடம், "வேலை நேரத்துல கிடையாது சார்" என்று பதில் சொன்னவள். அவளுடைய இரண்டு கட்டைவிரல்களிலும் எப்போதும் காயத்துக்குப் போடும் பிசின்துணி சுற்றியிருக்கும். காகிதம் கிழித்ததற்கும் அதுவே மருந்து. பந்து பட்டுச் சுளுக்கியதற்கும் அதுவே மருந்து. இரண்டாண்டுகளுக்கு முன்பு, சாப்பாட்டு இடைவேளையில் நசுங்கிய அட்டைப் பெட்டிகளை உருட்டிக் கட்டி ஒருத்தி மேல் ஒருத்தி எறிந்துகொண்டிருந்த நால்வரையும் அவள்தான் மைதானத்துக்கு இழுத்துச் சென்றாள்.

முதல் ஆண்டு எல்லா ஆட்டங்களிலும் உதை வாங்கினார்கள். இந்த ஆண்டோ லீக் சுற்றின் பதினான்கு ஆட்டங்களில் பதினொன்றை வென்று அரையிறுதிக்கு வந்துவிட்டார்கள். எதிரணிகளை அலறவைத்தது அவர்களுடைய கைமாற்றம். நிமிடத்துக்குப் பதினான்கு புட்டிகளை நிமிர்ந்து பாராமல் கை மாற்றிப் பழகிய பெண்கள், பந்தையும் அவ்வாறே நிமிர்ந்து பாராமல் மாற்றினார்கள். ஓர் ஆட்டத்துக்கு அறுபது புள்ளிகள் என்பது அவர்களுக்குத் தண்ணீர் குடிப்பதுபோல் இருந்தது. அரையிறுதியில் அது எங்கே போய் ஒளிந்துகொண்டது என்பதுதான் அன்று குழாயடியில் நின்ற ஐவருக்கும் புரியவில்லை.

பொறுப்பாளருக்குப் புரிந்துவிட்டது. அவர் ஆலையின் தொழிலாளர் நல அலுவலர். கல்லூரியில் கைப்பந்து ஆடியவர். கூடைப்பந்தைப் புத்தகம் பார்த்துக் கற்பிப்பவர். கெட்டவர் அல்லர். ஆனால், ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் அதற்கு மேலும் இரண்டு பூட்டுப் போடுபவர்.

"வயசும்மா. வேற ஒண்ணும் இல்ல. லீக்ல ஒரு டீமோட ஒரு தடவை ஆடறோம், போறோம். இங்க ஒரே டீமோட மூணு ஆட்டம், அதுல ரெண்டு ஜெயிக்கணும். பெரிய ஆட்டம்னதும் சின்னப் பொண்ணுங்களுக்குக் கை உதறுது. அதான், இன்னிக்கு அதிகமாப் பந்தை விட்ட சீட்டும் லேபிளும் அடுத்த ஞாயித்துக்கிழமை உக்காரட்டும். தலைமை ஆபீஸ்ல ரெண்டு பேர் காலேஜ் டீம்ல ஆடினவங்க, பட்டியல்ல ஏற்கெனவே பேர் இருக்கு. அவங்க இறங்கட்டும்."

"அப்புறம்?" என்றாள் சீட்டு.

"அப்புறமும் சரிவரலைன்னா, அடுத்த வருஷம் வெளியிலேருந்து நல்ல ஆளுங்களா வேலைக்கு எடுத்துப் புது டீம் போட்டுக்கலாம். நீங்க வந்து கை தட்டுங்க."

லேபிள் தலையைக் குனிந்துகொண்டாள். சீட்டு குனியவில்லை. குழாயை இறுக மூடிவிட்டு, "கை தட்டறதுக்கு வேற ஆளைப் பாருங்க சார்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள்.

வாயிலருகே எதிரணித் தலைவி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். பேருந்துப் பணிமனை நடத்துநர்களின் அணி அது. தலைவி பதினைந்து ஆண்டுகளாக நடத்துநர். ஓடும் பேருந்தில் பிடிமானமின்றி நின்று பழகிய அந்தக் கால்களை யாராலும் அசைக்க முடியாது.

"என்ன தங்கச்சி, முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டுப் போற? நல்லாத்தான் ஆடறீங்க. ஆனா உங்க பந்து எங்க பஸ்ஸு மாதிரி. அடுத்த ஸ்டாப் எதுன்னு எங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சுபோச்சு."

அவளுடைய கூட்டாளிகள் கொல்லென்று சிரித்தார்கள். சீட்டு நடையை எட்டிப் போட்டாள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தச் சொல் செருப்பில் ஏறிய முள்ளாக உறுத்திக்கொண்டே வந்தது.

மறுநாள் திங்கட்கிழமை. மேசையில் புட்டிகள் வரிசை பிசகாமல் நகர்ந்துகொண்டிருந்தன. எதிர்ச்சுவரில் ஓர் ஆள் உயரத்துக்குச் சிவப்பு எழுத்தில் ஒரு விதி எழுதப்பட்டிருந்தது: "முன்னால் சென்ற புட்டி பின்னால் வரக் கூடாது." மருந்து ஆலையில் அது உயிர் காக்கும் விதி. பார்த்து முடித்த புட்டியும் பார்க்காத புட்டியும் ஒன்றோடொன்று கலந்துவிட்டால், லேபிளே இல்லாத மருந்து யாரோ ஒருவருடைய வீட்டு அலமாரிக்குப் போய்ச் சேரும். எனவே, குறையுள்ள புட்டியைக் கண்டவள் அதைத் தன் முழங்காலருகே உள்ள சிவப்புத் தட்டில் போடவேண்டும். கொடுத்தவளிடமே திருப்பிக் கொடுப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

அன்று சீட்டின் கைக்கு ஒரு புட்டி வந்தது. அதன் லேபிள் ஒரு பக்கம் ஏறியிருந்தது. மனம் ஆடுகளத்தில் இருந்ததால், அவள் தன்னை மறந்து அதை இடப்பக்கம் நீட்டி, "இதைப் பாருடி" என்றாள்.

கை அந்தரத்தில் நின்றது. வாங்குவதற்கு லேபிளின் கை வரவில்லை. லேபிள் அந்தப் புட்டியைப் பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"என்னடி பண்ற? தட்டுல போடு. சூப்பர்வைசர் அக்கா பாத்தாங்கன்னா தொலைஞ்சோம்."

சீட்டு தட்டில் போட்டாள். ஆனால் அந்தரத்தில் நின்ற கை அவளை விடவில்லை. நேற்றைய ஆட்டத்தின் மூன்றாம் கால் பகுதியில் இதே நிலையில் அவள் நின்றிருந்தாள். பந்து கையில்; இரண்டு நடத்துநர்கள் மேலே விழுகிறார்கள். பந்தைக் கொடுத்த லேபிள் வளையத்துக்கு நேர் எதிரே காவலின்றி நிற்கிறாள். சீட்டு அவளைப் பார்க்கவே இல்லை. மூன்று பேர் சூழ்ந்து நின்ற டப்பாவிடம் எறிந்தாள். பந்து பறிபோயிற்று.

அடுத்த நிறுத்தம் டப்பா. அதற்கடுத்தது பெட்டி. நடத்துநருக்குத் தெரிந்துதான் இருந்தது.

மாலையில் வீடு திரும்பியதும் அண்ணியின் கைபேசியைப் பறித்துக்கொண்டாள். அண்ணனும் அண்ணியும் அவளும் வசிக்கும் மாடி வீட்டில் இரண்டே அறைகள். அண்ணன் மின்பணியாளர், அண்ணி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் பயிற்றுநர். எல்லா ஆட்டங்களுக்கும் வந்து கைபேசியில் படம் பிடிப்பது அண்ணியின் ஞாயிற்றுக்கிழமைக் கடமை.

"சத்தத்தைக் குறைச்சு வெச்சுப் பாரு. பாதி வீடியோவுல நான் கத்தறதுதான் கேக்கும்" என்றாள் அண்ணி.

சீட்டு பழைய நாட்காட்டியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, அதன் பின்புறத்தில் கோடு போட ஆரம்பித்தாள். யாரிடமிருந்து யாருக்குப் பந்து போயிற்று என்பதற்கு ஒரு கோடு. வந்த கைக்கே திரும்பியிருந்தால் அதன்மேல் ஒரு குறுக்குக் கோடு. முதலில் லீக் சுற்றில் அவர்கள் எளிதாக வென்ற ஓர் ஆட்டத்தின் பிற்பாதி. எண்பது கைமாற்றங்களில் இருபத்தாறு குறுக்குக் கோடுகள் விழுந்தன. பிறகு நேற்றைய ஆட்டத்தின் பிற்பாதி. எழுபத்து நான்கு கைமாற்றங்கள். குறுக்குக் கோடுகள் மூன்று.

நம்பிக்கை வராமல் இன்னொரு முறை எண்ணினாள். மூன்றுதான்.

"திருப்பிக் குடுக்கத் தெரியாம இல்ல அண்ணி" என்றாள் மெதுவாக. "சும்மா ஆடறப்போ குடுக்கறோம். இறுக்கிப் பிடிச்சதும் மறந்துபோகுது. மூடி லேபிளுக்கு, லேபிள் எனக்கு, நான் டப்பாவுக்கு. மேசையில நிக்கற மாதிரியே."

அண்ணி காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே சிரித்தாள். "எங்கிட்ட ஒரு பெரியவர் கார் கத்துக்கறார். முப்பது வருஷம் சைக்கிள் ஓட்டினவராம். எதிர்ல லாரி வந்துச்சுன்னா போதும், கால் சும்மா இருக்கும், ரெண்டு கையாலயும் ஸ்டியரிங்கை அமுக்குவார். பிரேக்கைத் தேடறாராம்!"

சீட்டு சிரிக்கவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்தாள். நான்காக மடித்தாள் என்பதை அவளே பிறகுதான் கவனித்தாள்.

செவ்வாய்க்கிழமை காலையில், வேலை தொடங்குமுன் அவள் நல அலுவலரின் அறைக் கதவைத் தட்டினாள். அவர் தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

"என்னம்மா இது, எறும்பு ஊர்ந்த மாதிரி?"

அவள் தாளைத் திருப்பிக் கொடுத்து விளக்கினாள். எட்டு மணி நேரம் வந்த வழியே திருப்பக் கூடாது என்று பழகிய கை, நெருக்கடி வந்ததும் அந்தப் பழக்கத்திடமே ஓடிப்போகிறது. லீக்கில் ஓர் அணியோடு ஒரே ஆட்டம் என்பதால் யாரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. கடைசி லீக் ஆட்டங்களில் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போன நடத்துநர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்லாத்தான் எண்ணியிருக்க. ஆனா நெருக்கடி வந்ததும்னு நீயே சொல்ற பாரு, அதுக்குப் பேர்தான் பயம்."

"பயந்தோம் சார். ஒத்துக்கறேன். பயந்தப்போ கை எங்க போச்சுன்னு பாருங்க. அதை மாத்தலாம். வயசை மாத்த முடியாது."

"முதல் பாதி தரேன். பத்து புள்ளி பின்தங்கினா நீங்க ரெண்டு பேரும் வெளிய."

"நான் மட்டும் வெளிய வரேன் சார். லேபிளை ஆட விட்டுடுங்க."

"பேரம் பேசற எடமாம்மா இது?"

"ஆமா சார்."

அவர் அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கியபடி கையை அசைத்துப் போகச் சொன்னார். அதைச் சம்மதம் என்றே சீட்டு எடுத்துக்கொண்டாள்.

அன்று மதியம் முதல், உணவுக்குப் பின்னர் எஞ்சிய இருபது நிமிடங்களில், கிடங்குக்குப் பின்னே சரக்கு ஏற்றும் முற்றத்தில் பயிற்சி நடந்தது. விதி ஒன்றே ஒன்று: பந்து யாரிடமிருந்து வந்ததோ, முதலில் அவளிடமே திரும்பவேண்டும், அதன் பிறகே வேறொருத்திக்குப் போகலாம். சொல்வது எளிது. முதல் நாள் மூடியின் காதிலும் டப்பாவின் நெற்றியிலும் பந்து அறைந்தது. கொடுத்தவள் எல்லாம், தன் வேலை முடிந்தது என்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றதே காரணம்.

"குடுத்துட்டுக் கொட்டாவி விடாதடி!" என்று கத்தினாள் சீட்டு. "மறுபடி வரும், மறுபடி வரும்!"

"வந்துடுச்சு, காதுக்குள்ள" என்றாள் மூடி, காதைத் தேய்த்துக்கொண்டே.

எல்லாரையும்விட அதிகம் திணறியவள் பெட்டி. ஐவரில் உயரமானவள், வளையத்தின் அடியில் நிற்பவள். மேசையில் அவளுக்கு வலப்புறம் யாருமில்லை. கைக்கு வந்ததையெல்லாம் பெட்டியில் போடுவதே அவள் வேலை. ஆடுகளத்திலும் கைக்கு வந்ததையெல்லாம், எத்தனை பேர் மேலே தொங்கினாலும், வளையத்தை நோக்கியே எறிந்தாள்.

"எனக்கு அப்புறம் யாருடி இருக்கா? நான் யாருக்குக் குடுக்கறது?" என்றாள் பெட்டி, பாவமாக.

"எனக்குக் குடு" என்றாள் சீட்டு.

"நீ எனக்கு முன்னாடிடி!"

"இங்க மேசை எங்க இருக்கு, காட்டு பாப்போம்!"

பெட்டி சுற்றுமுற்றும் பார்த்தாள். காலிப் பலகைகளும் ஒரு தள்ளுவண்டியும்தான் கண்ணில் பட்டன. ஆயினும் அவளுடைய கை ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று நாள்களில் அவள் திருப்பிக் கொடுத்த பந்துகளை ஒரு கைவிரல்களில் எண்ணிவிடலாம்.

வியாழக்கிழமை யாரும் எதிர்பாராத திசையில் அடி விழுந்தது. பிற்பகல் மூன்று மணி இருக்கும். லேபிள் ஒரு புட்டியை வாங்கினாள், பார்த்தாள், அனிச்சையாக இடப்பக்கம் நீட்டினாள். மூடியின் கையும் அனிச்சையாக அதை வாங்கிக்கொண்டது. வாங்கிய பிறகுதான் இருவருக்கும் உயிர் போயிற்று. மேற்பார்வையாளர் மணியை அழுத்தினார், பட்டை நின்றது, கூடமே திரும்பிப் பார்த்தது.

மேற்பார்வையாளர் எல்லாருக்கும் அக்கா. அவர் குரலை உயர்த்திப் பேசியதை யாரும் கேட்டதில்லை. அதனாலேயே எல்லாரும் அவருக்குப் பயந்தார்கள்.

"என்ன நடக்குது இங்க? பந்தை மேசைக்கு எடுத்துட்டு வந்துட்டீங்களா?"

சீட்டு முன்னே வந்தாள்.

"நான்தான் அக்கா பழக்கினேன். என் பேரை எழுதுங்க."

"எழுதத்தான் போறேன். மதியத்துலேருந்து கட்டின நாலு பெட்டியையும் யார் பிரிக்கறது?"

"நாங்களே பிரிக்கறோம். வேலை முடிஞ்சப்புறம் நின்னு பாத்துட்டுப் போறோம்."

பிழைப் பதிவேட்டில் சீட்டு கையெழுத்திட்டாள். ஐந்து மணிக்கு மற்றவர்கள் போன பின்பு, நான்கு பெட்டிகளையும் கவிழ்த்து, ஒவ்வொரு புட்டியாக மறுபடியும் வரிசையாகக் கை மாற்றிப் பார்த்தார்கள். குறை ஒன்றும் தென்படவில்லை. அக்காவும் போகாமல், கையைக் கட்டிக்கொண்டு கடைசி டப்பா வரையில் நின்றார். பிறகு, மேசைமேல் அவர்கள் கழற்றிப் போட்டிருந்த மெல்லிய இரப்பர்க் கையுறைகளைப் பார்த்து, "இதைக் குப்பையில போட்டுட்டுக் கெளம்புங்க" என்றார்.

சீட்டு ஒரு கையுறையை எடுத்து லேபிளின் முகத்துக்கு நேரே ஆட்டினாள்.

"இதோ பாருங்கடி. உறை போட்டா புட்டி. போனது போனதுதான். உறையைக் கழட்டினா பந்து. வந்த கைக்கே திரும்பும். கையில ரப்பர் இருக்கான்னு மட்டும் பாருங்க. குழப்பமே வேண்டாம்."

"தூக்கத்துல?" என்று கேட்டாள் டப்பா.

"தூக்கத்துல உன் தலையெழுத்து."

அன்று முதன்முறையாக லேபிள் சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை நல அலுவலர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். பதிவேட்டின் நகல் அவர் மேசையில் இருந்தது. "இப்போ வேலையிலயும் கை வெச்சாச்சு. போதும்மா. ஞாயித்துக்கிழமை அந்த ரெண்டு பேரும் ஆடட்டும்."

"வேலையில தப்பு நடந்துது, நாலு பெட்டியையும் பிரிச்சுப் பாத்துத் திருத்திட்டோம். ஆட்டத்துலயும் தப்பு நடந்துது. அதையும் நாங்கதான் சார் திருத்தணும். வேற யாரையாவது எறக்கினீங்கன்னா, அது அவங்க ஆட்டம். எங்க தப்பு எங்ககிட்டயே இருந்துடும்."

அவர் நகலை இழுப்பறையில் போட்டு மூடினார். "முதல் பாதி. சொன்னது சொன்னதுதான்."

ஞாயிற்றுக்கிழமை காற்றில்லை, வெயில் தரையில் விழுந்து கண்ணில் தெறித்தது. ஆட்டம் தொடங்கிய நான்காவது நிமிடத்தில் பணிமனை பதினொன்று, ஆலை இரண்டு. பழக்கம் பழக்கத்தின் வேலையைச் செய்தது. பணிமனைத் தலைவி கையைத் தட்டி, மைதானம் முழுவதும் கேட்கும்படி கூவினாள்:

"அடுத்தது டப்பா! எறங்கறவங்க எறங்குங்க! முன்னாடி போங்க, முன்னாடி போங்க, வழியில நிக்காதீங்க!"

பார்வையாளர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஓரப் பலகையில் நல அலுவலர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தலைமை அலுவலகப் பெண்கள் இருவரும் காலணி நாடாவை இறுக்கத் தொடங்கினார்கள். ஒன்பது புள்ளிகள் பின்னே. இன்னும் ஒரு பந்து விழுந்தால் கதை முடிந்தது.

சீட்டு இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி, விரல்களை விரித்து, "உறையைக் கழட்டுங்கடி!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

எதிரணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. லேபிள் தன் வெறுங்கைகளைக் குனிந்து பார்த்தாள். அடுத்த முறை பந்து லேபிளிடமிருந்து சீட்டுக்கு வந்தபோது, இரண்டு நடத்துநர்கள் டப்பாவின் பக்கம் பாய்ந்தார்கள். சீட்டு வந்த பந்தை வந்த கைக்கே திருப்பினாள். லேபிள் அங்கே கொட்டாவி விட்டுக்கொண்டு நிற்கவில்லை, ஓடிக்கொண்டிருந்தாள். பந்து பலகையில் பட்டு வளையத்துக்குள் இறங்கியது.

"என்ன அக்கா, ஸ்டாப்பைத் தவற விட்டுட்டீங்களா?" என்றாள் சீட்டு, திரும்பி ஓடியபடியே.

அதன் பின் பணிமனைக்கு எந்தப் பக்கம் நிற்பது என்பதே தெரியவில்லை. பாதி ஆட்டத்தில் ஆலை இருபத்திரண்டு, பணிமனை இருபத்தைந்து. தலைமை அலுவலகப் பெண்களில் ஒருத்தி காலணி நாடாவைத் தளர்த்திக்கொண்டு, "சார், நாங்க எதுக்கு? வேடிக்கை பாக்க எடம் நல்லாத்தான் இருக்கு" என்றாள். முடிவில் ஆலை ஐம்பத்தொன்று, பணிமனை நாற்பத்தேழு. அண்ணியின் படப்பதிவில் அன்று ஆட்டம் தெரியவில்லை. வானமும் அவளுடைய செருப்பும் மாறி மாறித் தெரிந்தன.

மூன்றாவது ஆட்டம் புதன்கிழமை மாலை நடந்தது. நடத்துநர்கள் ஏமாளிகள் அல்லர். இம்முறை கொடுத்தவளையும் சேர்த்துக் காவல் காத்தார்கள். ஆனாலும், முதல் ஆட்டத்தில் வறண்டுபோன கூடை மறுபடி வறளவில்லை. திருப்பிக் கொடுப்பதும் உண்டு, கொடுக்காமல் போவதும் உண்டு என்று ஆனபின், அடுத்த நிறுத்தம் எது என்று பந்துக்கே தெரியாத நிலை. கடைசி அரை நிமிடம் தொடங்கும்போது பணிமனை ஐம்பத்தொன்று, ஆலை ஐம்பது.

சீட்டு பந்தை வளையத்தடியில் நின்ற பெட்டியிடம் கொடுத்தாள். இரண்டு பேர் பெட்டியின் தோள்களில் தொங்காத குறையாக மறித்தார்கள். பெட்டி கைகளை உயர்த்தினாள். மூன்றாண்டுகளாகக் கைக்கு வந்ததைப் பெட்டிக்குள் போட்டே பழகிய கைகள் அவை. மேலே போன கைகள் நின்றன, இறங்கின, பந்து வந்த வழியே திரும்பி வந்தது.

சீட்டுக்கு எதிரே யாருமில்லை. பிசின்துணி சுற்றிய கட்டைவிரல்களை விட்டுப் பந்து கிளம்பியது. வளையத்தின் விளிம்பில் ஒரு சுற்றுச் சுற்றிற்று, இன்னும் அரைச்சுற்று, வெளியே விழுந்தது.

அதைப் பிடித்த பணிமனைத் தலைவியை டப்பா தடுக்கப்போய்த் தவறிழைத்தாள். தலைவி, அதற்குக் கிடைத்த இரண்டு தனி எறிகளையும் நிதானமாகப் போட்டாள். ஐம்பத்து மூன்றுக்கு ஐம்பது. ஆட்டம் முடிந்தது, அந்த ஆண்டும் முடிந்தது.

பெட்டி தரையில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "நானே போட்டிருக்கணும்டி. நான் போட்டிருந்தா..."

"போட்டிருந்தா உன் மண்டையில குட்டியிருப்பேன்" என்றாள் சீட்டு. மூச்சு வாங்கியது, கண்கள் சிவந்திருந்தன, குரல் மட்டும் தாழவில்லை. "சரியான எடத்துக்குத்தான் குடுத்த. விட்டது நான். எழுந்திரு. தோத்ததுக்கு அழு, குடுத்ததுக்கு அழாத."

பணிமனைத் தலைவி வந்து, அவர்கள் ஐவருடைய கைகளையும் வரிசையாகக் குலுக்கினாள். பிறகு நல அலுவலரின் பக்கம் திரும்பினாள்.

"அடுத்த வருஷம் புது டீமாமே சார்? காதுல விழுந்துது. அப்படியே செஞ்சுடுங்க. எங்களுக்கு நிம்மதி."

கேலியா வேண்டுதலா என்று பிரித்தறிய முடியாதபடி அதைச் சொல்லிவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

போட்டி அமைப்பாளர்களின் மேசையில் விளக்கை அணைக்கத் தொடங்கியிருந்தார்கள். அடுத்த ஆண்டுக்கான பதிவுப் படிவத்தை அன்றே கொடுத்துவிட வேண்டும். நல அலுவலர் அதை ஓர் அட்டையின்மேல் வைத்து, பேனாவின் மூடியைத் திறந்துகொண்டு வந்தார். ஆட்டக்காரர்கள் என்ற தலைப்பின் கீழ் ஐந்து கோடுகள் வெறுமையாக இருந்தன. அவர் சீட்டைப் பார்த்தார், அவளுக்குப் பின்னால் ஒருத்தியை ஒருத்தி இழுத்து எழுப்பிக்கொண்டிருந்த நால்வரையும் பார்த்தார், தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"சரி, சொல்லு. யார் யார் பேரை எழுதட்டும்?"

"எழுதிக்குங்க சார். பெட்டி, டப்பா, சீட்டு, லேபிள், மூடி."